நாடகத் தேருக்குக் கட்டை போட்டவன்

நாடகக் கம்பெனியில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் பனங்கற்கண்டுப் பால் வரும், தேர் தள்ளுகிறவனுக்குக் கால்விரல் நசுங்கினால் "பாத்துத் தள்ளப்படாதாவே?" என்ற புத்திமதிதான் வரும். பாரவண்டியோ பத்தாயமோ, எதையாவது தள்ளிப் பிழைக்கிற உங்களுக்கு இது நான் சொல்லியா தெரியவேண்டும்!

தானாகப் புறப்பட்ட தேர்

பின்னால் நிற்கிற நடிகரும் தெரியவேண்டும் என்று எங்கள் மேடையை முன்பக்கம் சரிவாகப் போடுவார்கள். முதலாளி புதிதாக நாலு சக்கரத் தேர் ஒன்று செய்துகொண்டு வந்தார். சக்கரத்தடியில் சொருகுகிற கட்டையை மறந்துவிட்டார். ஒத்திகையில் யாரும் தொடாமலே தேர் கிளம்பிவிட்டது. மேடைக்கு முன்னால், கீழே ஆர்மோனியக்கார அண்ணாச்சி இருந்தார். அவர் தலைக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் குறுக்கே விழுந்து நிறுத்தினேன்.

முதலாளி, தேர் தள்ளுகிற என்னைத்தான் பிடித்தார்: "இன்னொரு தடவ உருண்டுச்சுன்னா மூட்டையக் கட்டிரு." ராதாபுரத்தில் என் வீட்டுக்காரிக்கு எட்டாம் மாசம். வேலையும் இல்லாமல் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அண்ணாச்சிக்கோ அவர் கவலை. "ஏலே, அடுத்த ஒத்திகைக்கு முன்னால என் பொண்டாட்டிகிட்டயும் தாலியறுக்கச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடு."

கும்பிட்ட சேவகன்

அன்றைக்கே பூவரசங்கட்டை ஒன்றைச் செதுக்கிவிட்டேன். ராஜா வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஒத்துக்கொண்டால்தானே! ராஜா தேரில் ஏறும்போது துண்டு கட்டிய ஒருத்தன் சக்கரத்தடியில் குனிந்தால் கம்பீரம் என்னாவது என்றார். அதனால் நானும் தலைப்பாகை, ஒட்டுமீசையோடு சேவகன் ஆனேன். அவர் ஏறியதும் விழுந்து கும்பிடுகிற சாக்கில் கட்டையைச் சொருகுவேன். அவர் பாட்டு முடிகிற பாடில்லை. நானும் கட்டையைப் பிடித்தபடி கிடந்தேன். முன்வரிசையில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ராஜா மேல இருக்காரு, இந்தப் பய எதுக்குவே சக்கரத்தைக் கும்பிடுதான்?"

ஆழ்வார்குறிச்சியில்

அங்கே போட்ட நாடகத்தில் ராஜபார்ட்தான் சுவாமி வேஷம். தேரில் வந்து காட்சி கொடுக்கிற கட்டம். நடுமேடையில் கட்டையைப் போட்டேன். கோயில் தேர் மாதிரி முன்னால் கட்டியிருந்த வடத்தின் நுனி மேடைக்குக் கீழே தொங்கியது. "சாமி!" என்று ஒரு பெரியவர் அதைப் பிடித்தார். அவ்வளவுதான், அவர் பின்னால் நாற்பது பேர்! எல்லாம் வருஷா வருஷம் கோயில் தேர் இழுத்த கைகள். கட்டை நறநறவென்று நகர்ந்தது. நேர் கீழே அண்ணாச்சி, ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டார்.

"விடுங்க, விடுங்க" என்றேன். யார் காதில் விழும்? பிறகு என்ன தோன்றியதோ, கோயில் தேர் நிலை சேர்ந்ததும் தேரடியில் கத்துவார்களே, அந்தக் குரலில் கத்தினேன்: "தேரு நிலைக்கு வந்தாச்சு!"

வடம் பொத்தென்று விழுந்தது. நாற்பது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி ஓடிவந்து தேரைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சி மட்டும் கண்ணைத் திறக்காமல் பையக் கேட்டார்: "ஏலே, நான் இருக்கேனா?"

ஆக, என் வேலை போகவில்லை. தள்ளுவது, கும்பிடுவது, கத்துவது என்று ஒன்று மூன்றானதுதான் மிச்சம்.