பார்த்தீனியம் இல்லாத எட்டு ஏக்கர்

காலை ஆறரை மணிக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் காந்திபுரம் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குச் சீட்டு இலவசம். பையில் மாற்றுச் சேலை இரண்டு, களிம்பு டப்பா, முகத்தைச் சுற்றிக் கட்ட ஒரு துண்டு. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறேன்.

நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. எங்களைப் பிரித்தது ஒரு செடி. பார்த்தீனியம் என்பார்கள், கிழிந்த கிழிந்த இலை, தலை நிறையப் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. மழை பெய்தால் மேய்ச்சல் காட்டில் புல்லை நெருக்கித் தள்ளிவிட்டு வளர்ந்துவிடும். மாடு அதில் வாய் வைக்காது. பசிக்குத் தின்றாலும் பால் கசக்கும். எனக்கு அதன் பூந்தூள் பட்டாலே இமை வீங்கும், கழுத்தும் கையும் வெடித்து நீர் வடியும். "மருந்து ஓரளவுக்குத்தாம்மா. செடி இல்லாத இடமாப் பார்த்து இருங்க" என்று மூன்று வருடத்துக்கு முன்பு மருத்துவர் சொல்லிவிட்டார்.

மாடுகளை விட்டு அவரால் வர முடியாது. தம்பி இருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில் நான் ஓர் அறை எடுத்து, மோட்டார் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் என் பக்கம் வராமல் நேராகக் குளியலறைக்குப் போவார். சட்டையை வாளியில் முக்கி, குளித்த பிறகுதான் உட்கார்ந்து பேசுவார்.

கோடையில், செடி காய்ந்து கிடக்கும்போது, நான் போய் வந்ததுண்டு. மழைக்குப் பின் போனதே இல்லை. இந்தக் கார்த்திகையில் அவரே போன் செய்தார். "நம்ம காட்டுல ஒரு செடி கெடையாது அம்மணி. வந்து இருந்து பாரு. ஒத்துக்கிச்சுன்னா இங்கயே இருந்துபோடலாம்."

காந்திபுரத்தில் மாறி, சிங்காநல்லூரில் கரூர் பஸ். காங்கேயம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். சூலூர் தாண்டியதும் துண்டைக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், "ஏனுங்க அக்கா, தூசி ஆகாதுங்களா?" என்றாள். சன்னலுக்கு வெளியே காட்டினேன். சாலையோரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் எழுந்து என்னைத் தாண்டிக் கை நீட்டிக் கண்ணாடியை இழுத்து மூடினாள். பல்லடம் வரை அந்த வெள்ளை கூடவே வந்தது.

காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசனையோடு இறங்கினேன். மொபெட்டுடன் நின்றிருந்தார், வெளுத்த சட்டை, குளித்து வந்த தலை. தாராபுரம் சாலையில் எட்டு கிலோமீட்டர். பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கிளுவை முள்வேலிக்குள் எட்டு ஏக்கரும் கொழுக்கட்டைப் புல், முழங்கால் உயரத்துக்கு. ஒவ்வொரு மழைக்கும் மண் இளகியிருக்கும்போது, பூ விடுமுன், கையாலேயே பிடுங்கியிருக்கிறார். பிடுங்கிய இடத்தில் புல் விதை தூவியிருக்கிறார். ஆடியில் பிறந்த காளைக்கன்று வேலமர நிழலில் நின்றது. பிறந்தபோது செங்காவி நிறத்தில் இருந்ததைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். காங்கேயம் கன்றுகள் வளர வளரச் சாம்பல் நிறமாகும். அதுவும் பாதி மாறிவிட்டிருந்தது. அந்தச் சிவப்பை நான் நேரில் பார்க்கவில்லை.

அன்று மாலை துண்டைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் நடந்தேன். எதுவும் ஆகவில்லை. "இனி வேலைக்கு வரலைன்னு கம்பெனிக்குச் சொல்லிப்போடட்டுங்களா?" என்றேன். "காலைல பார்த்துட்டுச் சொல்லு" என்றார்.

காலையில் இடது கண் திறக்கவில்லை.

அவர் என்னை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார். கேட்காமல் வடக்கு வேலிவரை போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவரின் பத்து ஏக்கர். வீட்டு சைட் போட விட்டுவைத்த நிலம், ஒரே வெள்ளை. வாடைக் காற்று அதன் மேலாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"சுத்தம் பண்ணி மேய்ச்சுக்கறேன்னு ரெண்டு தடவ கேட்டுப் பார்த்தேன். மாட்டை உள்ளே உட்டா நாளைக்கு நெலத்துல பாத்தியம் கேப்போம்னு பயப்படறார்" என்றார். போனை வாங்கி அந்தத் திருப்பூர்க்காரரிடம் நானே பேசினேன்.

"மாடு உடமாட்டோமுங்க. செடிய மட்டும் புடுங்கிக்கறோமுங்க."

"உங்களுக்கு அதுல என்னங்க லாபம்?"

"நான் ஊட்டுக்கு வரோணுமுங்க."

 "புடுங்கிக்குங்க அக்கா" என்றார்.

மதியம் பஸ் ஏற்றிவிட்டார். "அதுக்கும் அந்தப் பக்கம் யாரு காடுங்க?" என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. "வாரேனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் என் தெரு முழுக்க சிமெண்ட். செடி முளைக்க இடமில்லை. மூன்றாம் நாள் கண் வீக்கம் வற்றி, வேலைக்கும் போய்விட்டேன். ஊரில் இருந்தால் உடம்பு எரிகிறது. இங்கே உடம்பு நன்றாக இருக்கிறது, சோறு இறங்குவதில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "ஆரம்பிச்சாச்சு. ஈரம் இருக்குது, லேசா வருது."

"கைக்கு உறை போட்டிருக்கறீங்களா?"

"போட்டிருக்கறேன்."

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. வேரோடு செடி வரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. நான் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைத்தேன்.