கரித்தூள் தேய்த்த பல்

பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லிவந்த பேச்சு ஒன்றுதான். "கேப் போட்ட பல்லை மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தேய்க்கணும். வெள்ளையாக்குற பவுடர் எதையும் கிட்டவே சேர்க்காதீங்க. சொந்தப் பல்லு வெளுக்கும், கேப் வெளுக்காது. மேல இருக்குற பளபளப்பு போச்சுன்னா போனதுதான்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை பிசகாது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

அவளுடைய முன்பற்கள் இரண்டும் கேப்தான், பல்லின்மேல் மாட்டுகிற உறை. ஆறு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோது டாக்டரம்மா போட்டுவிட்டது. செய்து கொடுத்தவர், மருத்துவமனைக்குச் செயற்கைப் பல் செய்து தருகிற லேப்காரர். நிறம் ஒரு பொட்டு மாறினாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்கிற மனிதர்.

வினை நாத்தனார் வாயிலிருந்து வந்தது. குடும்பமாக எடுத்த படத்தைப் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கி, "அண்ணி, இந்த ரெண்டு பல்லு மட்டும் தனியா மங்கலா தெரியுதே? பல் ஆஸ்பத்திரிக்காரங்க வாயே இப்படியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

மறுநாள் கரித்தூள் பல்பொடி ஒரு டப்பாவும், முரட்டு பிரஷ் ஒன்றும் வாங்கினாள். ஒரே வாரம், அதற்குமேல் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாரம் முடிவதற்குள் சொந்தப் பற்களில் கறை போய் அவை பளிச்சென்று ஆகிவிட்டன. பக்கத்தில் கேப் இரண்டும் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. அதனால் அவற்றை மட்டும் அழுத்தித் தேய்த்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற புத்தி குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"பல்லு தேய்க்கிறியா, சட்டி தேய்க்கிறியா?" என்று வெளியிலிருந்து கணவர் கத்தினார். "எனக்கும் ஒரு சொம்பு தண்ணி மிச்சம் வை!"

ஒரு மாதத்தில் கேப்பின் மினுமினுப்பு முழுக்கப் போய்விட்டது. நாக்கால் தடவினால் சொரசொரத்தது. காலையில் குடித்த டீயின் கறை சாயங்காலம்வரை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சளி என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேப் போடலாமா வேண்டாமா என்று தயங்கினார். டாக்டரம்மா உற்சாகமாக, "அக்கா, மாஸ்கை எடுத்துட்டு இவங்ககிட்ட சிரிங்க. எது கேப்புன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்றார்.

தப்பிக்க வழியில்லை. எடுத்தாள். தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகூடப் பார்க்கவில்லை. "இது ரெண்டும்தானே?" என்றார். பையை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று எழுந்துவிட்டார்.

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கை வாய்க்கு நேராகத் திருப்பினார். "பளபளப்பே இல்லையே! எதையாவது போட்டுத் தேய்ச்சீங்களா?"

"இல்லம்மா." அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது.

"அப்ப லேப்காரர் மட்டமா செஞ்சு தலையில கட்டியிருக்காரு. இனிமே வேலை அனுப்ப மாட்டோம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

லேப்காரரும் அவர் மனைவியும் ஒற்றை அறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குப் போகிற வேலையில் பாதிக்குமேல் இங்கிருந்துதான். பல்லச்சுகளைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறவளே அவள் என்பதால் அது அவளுக்குத் தெரியும். முன்மேசைக்கு வந்து மாஸ்கை மறுபடி மாட்டிக்கொண்டாள். எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்கம்மா!" ராவுகிற மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது. "நாலு பல்லும் நாளைக்கு வந்துடும். ஒண்ணுல மட்டும் ஓரம் சரியா உக்காரல, மறுபடி செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அவளால் முடியவில்லை. "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நான்தான்மா தேய்ச்சேன்."

"எதால?"

"கரித்தூள். ஒரு மாசம். ரெண்டு வேளையும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தினம் பத்து பேருக்கு நீங்கதானே சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பல்லை மாத்திக்கலாம். நான் அவரைத் தப்பா நெனச்சதையும், நீங்க என்கிட்ட இல்லன்னு சொன்னதையும் அவர்கிட்டச் சொல்லிடுங்க."

காத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முன்மேசையிலிருந்தே லேப்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மெஷின் சத்தம் நின்றது.

"ஏம்மா," என்றார் அவர், "மங்கலா தெரியுதுன்னு ஆரம்பத்துலயே டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உக்கார வெச்சு பத்தே நிமிஷத்துல மெருகு போட்டு விட்டிருப்பாங்களே."

அவர் போனை வைக்கும்வரை காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைமையாசிரியையின் எண்ணைத் தேடி எடுத்தாள். கேப் கெட்டது தன்னால்தான் என்று அவருக்கும் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. மாஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எண்ணை அழுத்தினாள்.