கயிறு இல்லாத பலி

ஈசாக்கைக் கட்டினார்களா இல்லையா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது. என் கையில் பள்ளிக்கூடத்தில் தந்த சிறுவர் வேதாகமம் இருந்தது. அதில் விறகின்மேல் கிடக்கும் மகனின் கைகளில் கயிற்றைத் தெளிவாக வரைந்திருந்தார்கள். அப்பாவிடம் டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்ட் ஊர் நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ரோமர் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஒருவர் தம் மக்களின் வேதக் கதைகளைத் திருப்பிச் சொன்ன புத்தகம் அது.

அப்பா துணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். மிச்ச நேரத்தில் கூத்து எழுதினார். மன்னாரில் திருநாளுக்குக் கூத்துப் போட்ட பழக்கத்தை இங்கேயும் விடாமல், ஆண்டுக்கொரு முறை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு வேதக் கதையை மேடையேற்றுவார். அந்த முறை ஆபிரகாமின் பலி: கடவுள் கேட்டாரென்று மகனைப் பலியிடப் போன தகப்பனுக்கு, கடைசி நொடியில் மகனுக்குப் பதிலாக ஓர் ஆடு கிடைத்த கதை. ஆபிரகாம் அப்பா, ஈசாக்கு நான். பெடியன்கள் யாருக்கும் தமிழ்ப் பாட்டு வாயில் நுழையாததால் அந்த வேடம் பெண்பிள்ளையான என் தலையில் விழுந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த டேனிஷ் மொழி தொழிற்சாலை மெஷினோடு மாரடிக்கக் காணும், புத்தகம் வாசிக்கக் காணாது. ஆகவே நான்தான் வாசித்துச் சொன்னேன். அந்த ஆசிரியர் கெட்டிக்காரர். தம் முன்னோர் பொற்கன்றை வணங்கிய கதையைச் சொல்லாமலே தாண்டிப் போயிருந்தார். விறகு சுமந்த பிள்ளையை இருபத்தைந்து வயது இளைஞனாக்கியிருந்தார். தகப்பன் விஷயத்தை விளக்கிச் சொல்ல, மகன் மகிழ்ச்சியோடு பலிபீடத்துக்கு ஓடுகிறான். கயிறு என்ற பேச்சே இல்லை.

"வடிவாப் பார். கட்டினதெண்டு ஒரு இடத்திலயும் இல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

இல்லை என்றேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் இல்லை என்றபிறகுதான் பேனையை எடுத்தார்.

இது பொய்தானே என்று டேனிஷில் கேட்டேன். அப்பா தமிழில் பதில் சொன்னார்.

"பொய்யில்லை பிள்ளை. மற்றச் சனம் தன்ர சனத்தைக் குறைவா நினைக்கக் கூடாதெண்டு எழுதினவர். கேக்கிறவைக்கும் ஒரு ஆறுதல் வேணும்தானே."

எங்கள் வீட்டில் ஆறுதல் தேவைப்பட்டவர் அம்மா. சுவரில் அண்ணாவின் படம் இருந்தது. ஆயுதக்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் சேர்த்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன்பே, பதினேழு வயதில் போனவர். திரும்பி வரவில்லை. அவர் போன அன்று அம்மா காய்ச்சலில் கிடந்த அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பியபோது அப்பா சொன்னதைத்தான் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்வார்: "அவன் தானாத்தான் போனவன். சிரிச்சுக்கொண்டு போனவன்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிர் வாழ்கிறார் என்பது எனக்கே தெரியும்.

எனக்குச் சரி பிழை பார்க்கிற வியாதி அப்போதே இருந்தது. கூத்து நாளன்று என் ஸ்கிப்பிங் கயிற்றின் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டு பீடத்துக்கு ஓட வேண்டிய இடத்தில் நின்றேன். கயிற்றை எடுத்து நீட்டினேன்.

"கட்டுங்கோ அப்பா."

மத்தளக்காரர் இது புதிதாகச் சேர்த்த காட்சி என்று நினைத்துத் தாளத்தைக் கூட்டினார். அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கைகளைப் பின்னால் மடக்கிக் கட்டினார். நடிப்புக்குக் கட்டிய கட்டு அல்ல அது. தோல் எரிந்தது, நான் நெளிந்தேன். அவர் என் காதோரம் குனிந்து மெல்லத்தான் சொன்னார். ஆனால் சட்டையில் குத்தியிருந்த மைக் அதை மண்டபம் முழுவதற்கும் சொல்லிவிட்டது.

"ஆடாதை தம்பி. ஓடினா சுட்டுப்போடுவாங்கள். அப்பா சொல்லுறன், ஆடாதை."

கூத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தம்பி என்று அழைத்தது அண்ணா ஒருவரைத்தான்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்து மேடைக்கு வந்தார். முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். அவிழ்த்து முடித்தபிறகே அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களோ அவனைக் கட்டிக் குடுத்தது?"

"ஓம்," என்றார் அப்பா.

யாரோ திரையை இழுத்து மூடினார்கள். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆட்டு வேடத்தில் காத்திருந்த பெடியனை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

மீதியை அப்பா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அண்ணா கூரைக்குள் ஒளிந்திருந்தாராம். மகன் இல்லாவிட்டால் மகளைப் பிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வந்தவர்கள் சொன்னார்களாம். அப்பா அவரை இறக்கியதும் அவர் பின்பக்கத்தால் ஓடப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அப்பா தன் கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். அவரை வெறுக்க வேண்டும் போலிருந்தது, முடியவில்லை.

கூத்து நடந்த அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்பா மண்டபத்திலேயே நின்றுவிட்டார். அக்கா கார் ஓட்ட, பின் சீட்டில் அம்மா என் மணிக்கட்டுகளைத் தடவிக்கொண்டே வந்தார். கூத்தைக் குழப்பிவிட்டேன் என்ற பயம் எனக்கு. அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையைச் சொன்னேன்.

"இனிமேல் கயிறு கொண்டுவரமாட்டன் அம்மா. அப்பா எழுதின மாதிரியே சிரிச்சுக்கொண்டு ஓடுறன்."

அம்மா என் வாயைப் பொத்தினார். அந்தக் கை வீடு வரும்வரை எடுபடவில்லை. கயிற்றுக்காகத்தான் கோபம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.