மாட்டு ஊசி மேடம்

மூன்றாவது ஏற்றம் முடிந்ததும் அமுதவல்லி ஐஸ் பெட்டியை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். மூடியைத் திறக்க மாட்டார். பெட்டியின் மேல் புறங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல ஒரு கணம் பார்ப்பார். "கைக்கொழந்த தூங்குது. நடங்க, நடங்க" என்பார். கூட வரும் உதவியாளர் தமிழ்மணிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. மூச்சு வாங்குவதால் அவர் பதில் சொல்வதில்லை.

பெட்டிக்குள் இருப்பது கோமாரித் தடுப்பூசி மருந்து. குளிர் போய்விட்டால் அதைப் போட்டும் பயனில்லை. வத்தல்மலைக்குத் தார்ச் சாலை வந்துவிட்டது, பேருந்தும் ஏறுகிறது. ஆனால் சாலை தொடாத ஊர்கள் அதற்கப்பாலும் இருக்கின்றன. கொன்றைக்காடு அப்படி ஒன்று. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டரை மணி நேர நடை. இருபத்து மூன்று வீடு, ஐம்பது சொச்சம் மாடு. பாப்பாரப்பட்டியிலிருந்து விடியுமுன் கிளம்பினால்தான் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்குள் பிடிக்க முடியும்.

அமுதவல்லிக்கு நாற்பத்து மூன்று வயது. கால்நடை ஆய்வாளராகப் பதினாறு வருடம். பேருந்துக்கு ஒரு செருப்பு, மலைக்கு ஒரு கேன்வாஸ் ஷூ. மதியச் சாப்பாட்டைக் காலை பத்து மணிக்கே முடித்துவிடுவார். "வயித்துல இருந்தா கனம் தெரியாதுங்க, டப்பாவுல இருந்தாதான் கனம்" என்பது அவர் கணக்கு. பால் வாடையே அவருக்கு ஆகாது. எந்த வீட்டிலும் கடுங்காப்பிதான். மனிதர்களைச் சில சமயம் ஒருமையில் அதட்டுவார், மாடுகளை ஒருபோதும் மாட்டார். "செத்த நில்லுங்க சாமி, ஆயிடுச்சு, இந்தா ஆயிடுச்சு" என்று பசுவின் கழுத்தைத் தட்டிக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பசுவுக்கு விஷயம் தெரியும்போது அவர் அடுத்த பசுவிடம் இருப்பார்.

மருந்து போட்டால் மட்டும் போதாது. மாட்டின் காதில் மாட்டியிருக்கும் வில்லையின் எண்ணைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். மாட்டுக்காரர் கைப்பேசிக்கு ஓடிபி வரும். கொன்றைக்காட்டில் டவர் கிடைப்பது மேட்டுப் பாறை மேல் மட்டும்தான். அங்கே ஒருவர் ஏறி நின்று எண்களைக் கத்துவார், கீழே தமிழ்மணி எழுதிக்கொள்வார்.

போன ஐப்பசியில் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மழை இறங்கிவிட்டது. கடைசி நாலு வீட்டுக்கு அமுதவல்லி ஓடினார். பசு சினையா, எத்தனை மாதம் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பவர், மாதம்மாள் வீட்டில் கேட்கவில்லை. சினை முற்றிய மாட்டுக்கு இந்த ஊசி போடுவதில்லை. மாதம்மாளின் கணவர் ஆண்டி ஓசூரில் கட்டட வேலையில் இருக்கிறார். இருந்தது ஒரே பசு. ஒன்பதாம் நாள் மாதம்மாள் பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டார். "கன்னு வீசிடுச்சுங்க மேடம். ஏழு மாசம்." கன்று வயிற்றிலேயே கலைந்துவிட்ட சேதியை அவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார்.

ஊசியால்தானா, வேறு காரணமா என்று யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "எதுவும் வாயத் தொறக்காதீங்க, ஊசியாலன்னு நிரூபணமா ஆயிருக்குது?" என்றார். அமுதவல்லிக்குத் தெரிந்தது ஒன்றுதான், தான் கேட்கவில்லை. ஆறு மாதம் அதை வைத்துக்கொண்டே மற்ற மலைகளில் ஏறி இறங்கினார்.

சித்திரையில் அடுத்த சுற்று வந்தது. அடிவாரத்தில் இரண்டு ஊர்களில் கோமாரி கண்டிருந்தது. மாடுகள் வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்துப் படுத்துக் கிடந்தன. கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. கொன்றைக்காட்டில் ஏறியபோது ஒரு மாடும் வெளியே கட்டப்படவில்லை. மாடுகளை உள்ளே விட்டுப் பட்டி வாசலைப் படல் வைத்து அடைத்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் பெரியண்ணன் வழியிலேயே நின்றார்.

"காப்பி சாப்புட்டுப் போங்க மேடம். ஊசி வேணாம்."

"கீழ சீக்கு வந்துடுச்சுங்க. ஒரு வாரத்துல இங்கயும் ஏறிடும்."

"சீக்கு வந்தா பாத்துக்கறோம். நீங்க போட்டுத்தான ஒரு உசுரு போச்சு?"

தமிழ்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அமுதவல்லி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பெட்டியை நிழலில் இறக்கி வைத்தார். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பின்னால் மாதம்மாளும் நின்றிருந்தார்.

"ஊசியாலதானான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எத்தன மாசம்னு நான் கேக்கல. மழைன்னு ஓடுனேன். கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன். அது என் தப்பு." அவர் குரல் உயரவுமில்லை, தழுதழுக்கவுமில்லை. "இன்னைக்கு ஒவ்வொரு மாட்டையும் கையவுட்டுப் பாத்துட்டுத்தான் ஊசிய எடுப்பேன். நம்பிக்க இல்லன்னா நான் எறங்கிடறேன்."

பெரியண்ணன் பட்டிக்குப் போய்த் தன் செவலைப் பசுவை இழுத்து வந்து கட்டினார். "நாலு மாசம் செனை. போடுங்க, பாப்போம்."

தோள் வரை ஏறும் உறையை மாட்டிக்கொண்டு அமுதவல்லி பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கையை உருவி, தலையாட்டினார். "நாலு இல்லீங்க, ஏழு தாண்டிடுச்சு. இதுக்கு இப்ப வேணாம். கன்னு போட்டதும் சொல்லுங்க, இது ஒண்ணுக்குன்னாலும் ஏறி வரேன்."

"சீக்கு வந்துடும்னீங்களே?"

"தனியா கட்டுங்க. கீழ போய்ட்டு வர்றவங்க கை கால் கழுவாம கிட்ட போக வேணாம்."

பெரியண்ணன் பசுவை அவிழ்த்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து, "என்னா நிக்கறீங்க? படல எடுங்க" என்றார்.

மதியத்துக்குள் நாற்பத்தொன்பது மாடுகள் ஆயின. சினை முற்றிய ஆறு பசுக்களை விட்டுவைத்தார். அமுதவல்லியின் வலது கை தூக்க முடியாமல் கனத்தது. பெட்டியை மூடப்போகும்போது மாதம்மாள் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். அமுதவல்லி புது உறை மாட்டினார். இந்த முறை வெகுநேரம் பார்த்தார்.

"செனையா இருக்குதுங்க. மூணு மாசம். போடலாம். ஆனா நீங்க வேணாம்னா வேணாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மாதம்மாள் பசுவின் வயிற்றைப் பார்த்தார். பாதையை, பாதை இறங்கும் திசையை, அடிவாரத்தைப் பார்த்தார். பிறகு பசுவின் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காதபடி உள்ளங்கையால் அதன் கண்ணைப் பொத்தினார்.