பூசணிக்குத் தரகன்

எதற்கும் உதவாதவன் என்று தோப்பூர் அரிசி ஆலையில் என்னை வேலையிலிருந்து கலைத்துவிட்டபின், கிளிவெட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் கேட்ட வீட்டில், பூசணிக் கொடியைப் பிடுங்க ஆள் தேடினார்கள். பிடுங்கினால் ஒரு நேரச் சோறு கிடைக்கும். காய்க்க வைத்தால் சில நாள் தங்கலாம்.

"ஒரு பிஞ்சும் நிக்குதில்லை, தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மா. "காய்க்காத பூவை இவர் விடியவே ஆய்ஞ்சு தாறார், நான் வறுக்கிறன். அப்பிடியும் சரிவரேல்லை."

கணவர் கதிரையில் இருந்தபடி பெருமையாகத் தலையாட்டினார். மாப்பிள்ளைமாரை எல்லாம் தின்றுவிட்டுப் பேரப்பிள்ளைக்குக் காத்திருந்தார்.

"ஐயா, அதுகள்தான் ஆண் பூ. அதின்ர மகரந்தம் இல்லாமல் காய்க்க ஏலாது. நாளைக்கு மட்டும் தின்னாதேங்கோ."

"அப்ப கலியாணத்தை நீங்களே செய்து வையுங்கோ!" என்றார் ஐயா.

மறுநாள் காலை, கலியாணமாகாத நான், ஆண் பூவின் இதழ்களை உரித்து, உள்ளே இருந்த மகரந்தத்தைப் பெண் பூக்களில் தடவும் வேலையில் சேர்ந்தேன்.