திருடனும் நாயும் ஒரே தொண்டை

எங்கள் ராஜபாளையத்தில், நாய் குரைப்பதை வைத்தே வாசலில் நிற்பது சம்பந்தி வீட்டாரா பால்காரரா என்று சொல்லிவிடுவோம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காதில் மட்டும் பழுது கிடையாது.

இன்று பெரிய சினிமா டைரக்டராக இருப்பவர், அந்தக் காலத்தில் ரேடியோ நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் அவர்தான் திருடன். சுவர் ஏறிக் குதிப்பார், நாய் குரைக்கும். கேட்டுக்கொண்டிருந்த நான், "இது நாயில்ல, அந்தத் திருடனேதான் கொரைக்கான்" என்றேன்.

என் அண்ணன் மனைவி வத்திராயிருப்பிலிருந்து வாழ வந்தவள். அவர்கள் வீட்டில் மாடுதான். ஆனாலும் விடவில்லை.

"ஏட்டி, கடைசில நடிச்சவுக பேரெல்லாம் வாசிச்சாகல்ல? மனுசன் கொரைச்சிருந்தா அதையும் சொல்லிருப்பாக."

"திருடன் பேசுறப்ப நாய் கொரைக்கல. நாய் கொரைக்கிறப்ப திருடன் பேசல. ரெண்டும் ஒரே தொண்டை, மதினி."

"ஆமா, நீ போய் தொண்டைக்குள்ள எட்டிப் பாத்த!"

அண்ணன் போய்ச் சேர்ந்தார், ரேடியோவும் போய்ச் சேர்ந்தது. வழக்கு மட்டும் இருந்தது. கல்யாணப் பந்தியில்கூட, "நாய்ச் சத்தம் தெரியாதவ வந்துட்டா" என்பாள் மதினி. நாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

போன மாசியில் அந்த டைரக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷூட்டிங் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, மதினியைக் கையோடு பஸ் ஏற்றினேன். தேரடிப் பக்கம், குடைக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தத் திருடன் நாடகத்துல கொரைச்சது நீங்கதான?"

முகம் மலர்ந்தது. "நானேதாம்மா! ஒரு நாயைக் கூட்டிட்டு வந்தாங்க. மைக்கைப் பாத்ததும் அது வாயே தொறக்கல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மதினியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னேன்: "கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுய்யா, இது நாயில்லன்னு."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்போ... நாய் மாதிரி இல்லையாம்மா?"

எத்தனை படம் எடுத்த மனிதர்! நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள். "அவ கெடக்காய்யா. நான் இந்நேரம் வரைக்கும் நெச நாயின்னுல்ல நெனச்சிருந்தேன்!"

மனிதர் எழுந்தே விட்டார். மதினிக்கு நாற்காலி, மதினிக்கு டீ. பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். என்னை, "கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா" என்றார்கள்.

படம் இப்போது மதினி வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் யாரென்று கேட்டால், அவள் வாயெடுக்குமுன் நான் சொல்லிவிடுவேன்:

"உக்காந்திருக்கது எங்க மதினி. நிக்கது அந்த நாய்."