தாண்டிய கால்

குய்பாவுக்கு ஏழு வயதிருக்கும்போது முற்றத்தில் கிடந்த அப்பாவின் வில்லைத் தெரியாமல் தாண்டிவிட்டாள். பன்றியை விரட்டிக்கொண்டு ஓடியவளுக்குக் காலடியில் கிடந்தது எங்கே தெரிந்தது? பெண் தாண்டிய வில்லில் குறி நிற்காது, அதை ஏந்திப் போகிறவன் உயிரோடு திரும்ப மாட்டான். இது அந்த மலையில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். அப்பா வில்லை அடுப்பில் வைத்தார். அவளைப் பிரம்பால் தோலுரித்தார். அண்ணன் கெரெங்காதான் குறுக்கே விழுந்து பாதி அடியை வாங்கிக்கொண்டான்.

பதினெட்டு வயதில், இருபது பன்றிகளை வாங்கிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் கோபிலுக்கு அவளைக் கொடுத்தார்கள். எந்தக் குலத்தோடு சண்டையோ அந்தக் குலத்தில்தான் அங்கே பெண் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, நீ எந்தப் பக்கம் என்று அவளையே கேட்பார்கள். குய்பா பாலத்தடியில் ஒரு சந்தையைக் கூட்டினாள். இரண்டு கரைப் பெண்களும் அங்கே வள்ளிக்கிழங்கும் கீரையும் விற்றார்கள். வம்புக்கு வந்த குடிகாரர்களை அவள் மண்வெட்டிக் காம்பால் விரட்டினாள். சந்தைத் தலைவி என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே பெயராக நின்றுவிட்டது.

காப்பித் தோட்ட வரப்பில் மூண்ட சண்டை அந்தச் சந்தையை எரித்தது. மூன்றாவது வாரம் அவளுடைய மூத்த மகன் தெய்யின் கழுத்தில் எதிர்க்கரைக் குண்டு பாய்ந்தது. அவன் உடம்பின் சூடு ஆறும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை அவள். சுட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கரையில் பெரிய ஆள் கெரெங்கா. ஆகவே தெய்யின் உயிருக்கு அவன் தலை என்று ஆண்கள் முடிவு கட்டினார்கள்.

தெய் பிறந்தபோது தோளில் போட்டு ஊரைச் சுற்றி வந்த தாய்மாமன் அவன். பெற்றவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எம்புள்ள போனது பத்தாதா? எங்கண்ணனயும் சேத்துப் பொதைக்கணுமா?" என்று கோபிலிடம் கேட்டாள்.

"அழறதுதான் பொம்பளைக்குப் பங்கு. போயி அழு" என்றான்.

சந்தைப் பெண்கள் பதினோரு பேரிடம் சொல்லி வைத்தாள். விடியலில் வந்து நின்றது இரண்டே பேர். ஆண்கள் துப்பாக்கிகளையும் விற்களையும் புல்லில் வரிசையாக வைத்துவிட்டு முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தார்கள். குய்பா பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் துப்பாக்கியைத் தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். ஏழாவது தெய் ஏந்திய துப்பாக்கி. அங்கே மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு தாண்டினாள்.

கோபில் பாய்ந்து வந்து கோடரியின் பின்பக்கத்தால் முழங்காலுக்குக் கீழே இறக்கினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இன்னொருவன் விலாவில் உதைத்தான், வேறொருவன் முடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான். அவள் தவழ்ந்தே மிச்ச ஆயுதங்களைத் தாண்டினாள். புல்லெல்லாம் ரத்தம். அடித்து அலுத்த பிறகு ஆண்கள் ஆயுதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை வீரத்தில் ஒருவனுக்கும் அவற்றைத் தொடத் துணிவில்லை.

அங்கேதான் ஒரு கோளாறு. மலையில் எந்தச் சேதியும் கூவலாகவே கரை தாண்டிவிடும். கோபிலின் ஆட்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்பது எதிர்க்கரைக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கே ஆற்றைக் கடந்து எல்லாரையும் வெட்டிவிடலாம் என்று அங்கே கொண்டாட்டம். அண்ணனைக் காப்பாற்றப் போய் மற்ற இரண்டு பிள்ளைகளையும் அவனுக்கே பலியாக வைத்துவிட்டோமே என்று குய்பா பதறினாள். உடன்வந்த இரண்டு பெண்களும் காப்பிச் சாக்கில் அவளைக் கிடத்திப் பாலத்தின் வழியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்தக் கரையில் ஆண்கள் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு, மனைவிமார் கொண்டுவந்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். கெரெங்கா அவள் காலைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

"நீ படுத்துக்கோ தங்கச்சி. உன்ன அடிச்ச கையைக் கொண்டாந்து தரேன்."

"கை வேணாண்ணே. அங்க எம்புள்ளைங்க ரெண்டு இருக்கு. போவாதே."

அவன் திரும்பிக்கொண்டான். குய்பா எழ முயன்றாள். உடைந்த கால் மடங்கிக் கீழே தள்ளியது. தூக்கி வந்த இருவரையும் நாலு பேர் மறித்துப் பிடித்துக்கொண்டார்கள். தாண்ட அவளுக்குக் கால் இல்லை, தவழவும் தெம்பு மிஞ்சவில்லை.

கெரெங்காவின் மனைவி நிமெ அதிர்ந்து பேசாதவள். சந்தையில் குய்பாவுக்குப் பக்கத்தில் கீரை விற்றவள். நெற்றியில் வாரை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்த கிழங்குப் பையை இறக்கி வைத்தாள். நேராக நடந்து போய்ப் புருஷனின் துப்பாக்கியைத் தாண்டினாள்.

கெரெங்கா அவள் வாயில் குத்தினான். இரண்டு பல் தெறித்து விழுந்தது. நிமெ ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்ததையும் தாண்டினாள்.

"அடி. அடிச்சிட்டு எதை எடுத்துக்கிட்டுப் போவே?" என்றாள்.

மற்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பையை இறக்கினார்கள்.

அன்றைக்கு யாரும் ஆற்றைக் கடக்கவில்லை. குய்பாவின் கால் கோணலாகத்தான் கூடியது. கோபிலின் வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. மறுபடி கூடிய சந்தைக்குப் பின்னால் குடிசை போட்டுக்கொண்டாள். அவள் விந்தி விந்தி வரும்போது, பெண் காலைத் தாண்டினாலும் உயிருக்கு ஆகாது என்று இரு கரை ஆண்களும் அவசரமாகக் காலை மடக்கிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் தெய்யின் சமாதிக்குக் கெரெங்காவும் வருவான். பாதையை அடைத்துக் காலை நீட்டி உட்கார்வான், அவள் வந்தாலும் மடக்க மாட்டான். தாண்டினால் தாண்டட்டும் என்பதுதான் அவன் கேட்கும் மன்னிப்பு.

குய்பா இதுவரை சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.